ஏழாம் பக்கம்

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்க முடியாமல் பாத்திரம் பாத்திரமாகக் கருக்கியிருக்கிறேன். நான் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்ததே இதனால்தான் என்று என் கணவர் கிண்டல் செய்வார். கேட்ட உடனே பதில் சொல்லும் ஒரே ஆள் அதுதானாம். அந்த ஆளும் எனக்குப் பதில் சொல்லாமல் அலைக்கழித்த ஒரு ஆடி மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வண்டிகளுக்கான வார்ப்புப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. சிஸ்டம் ரூமில் நான் ஒருத்திதான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சிசிடிவி கேமராவுக்கு முன்னால் குளவி கூடு கட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதற்கு நடுவில் புரோகிராமும் எழுதவேண்டும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள், யார் வெளியே போய்விட்டார்கள் என்று காட்டுகிற ஒரு வெப் பக்கத்தை அப்படித்தான் எழுதியிருந்தேன். காலையில் கார்டைத் தேய்த்து நுழைந்தால் பெயருக்கு எதிரே ‘இன்’ என்று பச்சையில் வரும். வெளியே போனால் ‘அவுட்’ என்று சிவப்பில் வரும். பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் இருக்கும். ஆட்கள் அதிகம் என்பதால் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கீழே ‘அடுத்து’ என்று ஒரு பொத்தான் வைத்திருந்தேன்.

அந்தப் பக்கத்தை நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கிறவர் கேட் அறையில் உட்காரும் அக்கா. நாற்பது வயதைத் தாண்டியவர். பிறந்த ஊர் பொதட்டூர்பேட்டைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது ஆரம்பாக்கத்தில். பல வருஷம் இதே கம்பெனியில் துடைப்பம் பிடித்தவர். பன்னிரண்டாவது முடித்து, கம்ப்யூட்டர் கிளாஸும் போயிருக்கிறார் என்று தெரிந்த பிறகு கேட் அறையில் உட்காரவைத்தார்கள். ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி, மேஜை, டெலிபோன். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் அந்த நாற்காலியில் உட்காருவதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பும் வரும், பிடிக்கவும் செய்யும். வீட்டிலிருந்து யாராவது போன் செய்து ஆளைக் கேட்டால் அவர்தான் பட்டியலைப் பார்த்து உள்ளே தகவல் சொல்லவேண்டும். உலைக்களம் பக்கம் செல்போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஆகவே வீட்டுக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கிற ஒரே வழி அந்த அக்காதான்.

பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்க நேரமாகிறது என்று எச்.ஆர். மேனேஜர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். “ஒரு சின்ன சர்ச் பாக்ஸ்தானே, லஞ்சுக்குள்ள போட்டுடலாமே” என்றார். இந்த ‘சின்ன’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரியும். ஆனால் இது உண்மையிலேயே சின்ன வேலைதான். ஒரு பெட்டி, ஒரு பொத்தான். பெயரில் நாலு எழுத்தைப் போட்டால் அந்த எழுத்துகள் வருகிற ஆட்களை மட்டும் எடுத்துக் காட்டவேண்டும். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிற டோக்கன் நம்பரும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். வீட்டு ஜனங்களுக்கு நம்பர் எங்கே தெரியப்போகிறது, பெயர் போதும் என்றுவிட்டார். லஞ்சுக்கு முன்னாலேயே போட்டு முடித்தேன். என் பெயரைத் தேடினேன், வந்தது. மேனேஜர் பெயரைத் தேடினேன், அவரும் வந்தார். கேட் அறைக்குப் போய் அக்காவுக்கு ஒரு தடவை காட்டிவிட்டு, தயிர்சாதம் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலையில் டெலிபோன் அடித்தது.

“மேடம், பேரு போட்டா ஆளே இல்லன்னு சொல்லுது. இன்னா மேடம் இது?”

என் அறையிலிருந்தபடியே நான் தேடிப் பார்த்தேன். ஆள் வந்தார். “இங்க வருதேக்கா” என்றேன். “இங்க வர்லியே” என்றார். எழுந்து போனேன். என் அறையிலிருந்து கேட்டுக்குப் போகிற வழி முழுக்க வெயில். இடையில் உலைக்களத்தைத் தாண்டும்போது சூடு தனியாக முகத்தில் அடிக்கும். கேட் அறைக்குள் நுழைந்து, அவர் கையிலிருந்த மவுஸை வாங்கி, திறந்திருந்த பக்கத்தை மூடினேன். புதிதாகத் திறந்து அதே பெயரைப் போட்டேன். வந்தது.

“பாருங்க, வருது.”

“நீங்க போட்டா வருது மேடம்” என்றார், ஏதோ நான்தான் மந்திரம் போட்டதுபோல.

திரும்பி என் நாற்காலியில் உட்கார்வதற்குள் மறுபடியும் டெலிபோன். இப்படியே அந்த வாரம் போனது. சில சமயம் வருகிறதாம், பல சமயம் வரவில்லையாம். எங்கள் தொழிலில் எப்போதும் வராத பிழை பரவாயில்லை, எப்போதும் வருகிற பிழை இன்னும் பரவாயில்லை. வந்தும் வராமலும் கண்ணாமூச்சி ஆடுகிற பிழைதான் ஆளைக் கொல்லும். பெயருக்கு முன்னால் தெரியாமல் ஸ்பேஸ் தட்டுகிறாரோ என்று அதை நீக்க ஒரு வரி சேர்த்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சிக்கலோ என்று இன்னொரு வரி சேர்த்தேன். கேட் அறைக்குப் போகும் கேபிளைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். எதற்கும் மசியவில்லை. ஒவ்வொரு தடவையும் வேகவேகமாகப் போவேன், மவுஸைப் பிடுங்குவேன், பக்கத்தை மூடித் திறப்பேன், தேடுவேன். அது ஒழுங்காகக் காட்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு தடவை, “அக்கா, கொஞ்சம் கவனிச்சு டைப் பண்ணுங்களேன்” என்று கத்தியேவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி அண்ணன், “பேஜாரு புடிச்ச மிசினு” என்று அவருக்காகக் கம்ப்யூட்டரைத் திட்டினார்.

வீட்டிலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணவாள நகரில் எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடும்போதுகூட மனசு அந்தத் தேடல் பெட்டியிலேயே இருந்தது. குழம்புக்கு உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். அதைச் சாப்பிட்டுப் பார்த்த என் கணவர், “இதுல ஏதோ பக் இருக்கு” என்று எங்கள் தொழில் பாஷையிலேயே பிழை சொன்னார். அவர் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டேன். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் பெயரோடு இன்னும் சிலவும் சேர்ந்து வரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பெயர் என் வாயிலிருந்து வருகிறது என்று அதுவரைக்கும் நான் யோசித்ததே இல்லை.

வியாழக்கிழமை அந்த விஷயம் நடந்தது. மெஷின் ஷாப்பில் வேலை செய்கிற ஒருவரின் அம்மா மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து கேட்டுக்குப் போன் வந்தது. அக்கா பெயரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ‘பதிவு எதுவும் இல்லை’ என்று வந்திருக்கிறது. “இன்னிக்கு வேலைக்கு வர்லியேம்மா” என்று சொல்லிவிட்டார். காலையில் வேலைக்கு என்று கிளம்பின ஆள் வேலைக்கு வரவில்லை என்றால் வீட்டில் என்ன ஆவார்கள்? தம்பி ஒரு பக்கம், மைத்துனன் ஒரு பக்கம் என்று ஹைவேயிலும் ரயில்வே தண்டவாளத்தோரமும் தேடி அலைந்திருக்கிறார்கள். அவரோ பகல் முழுக்க உள்ளே மெஷினில்தான் நின்றிருந்தார். சாயங்காலம் வெளியே வந்து செல்போனைத் திறந்த பிறகுதான் அவருக்கு எல்லாமே தெரிந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார், நல்ல காலம். மறுநாள் காலையில் அவர் மேனேஜர் அறையில் நின்று போட்ட சத்தம் என் அறைவரை கேட்டது. அவர் கோபத்தில் ஒரு குறையும் சொல்லமுடியாது.

மேனேஜர் அதிகம் யோசிக்கவில்லை. “அந்தம்மாவுக்கு சிஸ்டம் வரலை. திங்கட்கிழமையிலேர்ந்து பழையபடி ஹவுஸ்கீப்பிங். கேட்டுக்கு ஏஜென்சியில ஒரு ஆள் கேட்டுக்கலாம்” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. தப்பு அக்காவுடையதா, என் தேடல் படிவத்துடையதா என்று தெரியாமல் மேலே ஒரு வேலையும் ஓடவில்லை. அதற்குமுன் செய்யத் தோன்றாத ஒன்றை அன்றைக்குச் செய்தேன். யார் எப்போது எதைத் தேடினார்கள் என்று சர்வர் தானாகவே குறித்து வைத்துக்கொண்டே இருக்கும். அந்த லாகைத் திறந்து, கேட் கம்ப்யூட்டரிலிருந்து வந்த வரிகளை மட்டும் பிரித்தெடுத்தேன். மெஷின் ஷாப்காரரின் பெயர் சரியாகத்தான் இருந்தது. ஒரு எழுத்தும் பிசகவில்லை. ஆனால் அந்த வரியின் கடைசியில் ‘பக்கம் 7’ என்று இருந்தது.

அதற்கு முந்தின தேடலிலும் பக்கம் 7. அதற்கும் முந்தினதிலும் அப்படியே. ஒழுங்காக ஆள் வந்த தேடல்களில் மட்டும் பக்கம் 1.

தலையில் அடித்துக்கொண்டேன். பட்டியலின் ஏழாம் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பெயரைத் தேடினால், கிடைத்த ஆட்களிலும் ஏழாம் பக்கத்தைக் காட்டு என்று என் படிவம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கிடைப்பதோ ஒரே ஆள். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம்தான். ஏழாம் பக்கத்தில் யார் இருப்பார்கள்? ஒருத்தரும் இல்லை என்று அது சொன்னதும் சரிதான். நான் ஒவ்வொரு தடவையும் பக்கத்தை மூடித் திறந்துவிட்டுத் தேடினேன். புதிதாகத் திறந்தால் முதல் பக்கம்தானே வரும், அதனால் என் கைக்கு அது அகப்படவே இல்லை. அக்கா செய்கிறபடி ஒரு தடவை செய்யவிட்டு, பின்னால் நின்று பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். புதிதாகத் தேடும்போதெல்லாம் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பி என்று ஒரே ஒரு வரி எழுதினேன். பிழை போய்விட்டது.

உடனே கேட்டுக்குப் போன் செய்தேன். “சரி பண்ணிட்டேன்க்கா. தப்பு என்னோடதுதான், உங்களோடது இல்ல” என்றேன். பிறகு வாய் சும்மா இருக்காமல், “ஆமா, ஏழாம் பக்கத்துல உங்களுக்கு அடிக்கடி இன்னா வேலை?” என்றேன்.

“ஒண்ணுமில்ல மேடம். சும்மா” என்றார்.

கேட் வேலையே போகப்போகிறது, இந்த அக்கா சும்மா என்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நானே ஏழாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வரிசையாகப் பெயர்கள், எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் அதில் இல்லை. மூடிவிட்டு மேனேஜரிடம் போய், தப்பு என் புரோகிராமில் என்று விளக்கினேன். அவர் சிரித்தார். “நீங்க அந்தம்மாவக் காப்பாத்தப் பாக்குறீங்க. எங்க, பக்கம் ஏழுக்கு எதுக்குப் போறாங்களாம்? சர்ச் இருக்கும்போது இன்னும் தள்ளித் தள்ளிப் பாக்குறாங்கன்னா சர்ச் பண்ணத் தெரியலன்னுதானே அர்த்தம்?” என்றார். “நாளைக்குக் காலைல நானே கேட்டுக்கு வந்து பாக்குறேன். என் முன்னாடி தேடிக் காட்டட்டும். காட்டினா உக்காரட்டும்” என்று முடித்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் கம்பெனி பஸ் தாமரைப்பாக்கம் கூட்டுரோட்டைத் தாண்டினதுமே ஊர்ந்தது. பெரியபாளையத்தில் நின்றே விட்டது. ஆடி மாதம், வேன் வேனாகக் கூட்டம், வேப்பிலை கட்டின டிராக்டர்கள், பம்பைச் சத்தம். பஸ்ஸில் மற்றவர்கள் ஜன்னல் வழியே கைகூப்பிவிட்டுத் தூங்கப் போனார்கள். நான் டிரைவர் பின்னால் போய் நின்றுகொண்டேன். “உக்காரும்மா, நீ நின்னா மட்டும் வண்டி போயிடுமா?” என்றார் டிரைவர். உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். நான் இல்லாத நேரத்தில் மேனேஜர் போய் அக்காவை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவார் என்று எப்படியோ எனக்குள் ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

நான் கேட் அறைக்கு ஓடும்போது மேனேஜர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். அக்கா நெற்றியில் புது விபூதியோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். செக்யூரிட்டி அண்ணன் கதவோரம் நின்றார்.

மேனேஜர் முதலில் மெஷின் ஷாப்காரர் பெயரையே சொன்னார். அக்கா தட்டினார். வந்தது. இன்னொரு பெயர் சொன்னார். அதுவும் வந்தது. எனக்கு மூச்சு சீரானது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கிளம்புகிற ஆள் போகிற போக்கில் சொல்வதைப்போலச் சொன்னார்.

“சரி, கடைசியா ஒண்ணு. உன் வீட்டுக்காரரு ஃபர்னஸ்லதானே இருக்காரு? அவரத் தேடிக் காட்டும்மா.”

அக்காவின் கை அப்படியே நின்றது.

அவர் கணவர் இங்கேதான் உலைக்களத்தில் காண்ட்ராக்ட் வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதிகாலை ஷிஃப்ட். ‘எங்க ஊட்டுக்காரு’ என்று அக்கா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை.

“போடும்மா” என்றார் மேனேஜர்.

அக்கா பெட்டியில் எழுதவில்லை. மவுஸைப் பிடித்து, பெட்டியைக் காலி செய்து, முழுப் பட்டியலுக்குப் போனார். கீழே இருந்த ‘அடுத்து’ பொத்தானை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். மறுபடியும். பக்கங்கள் ஓடின. ஏழாம் பக்கம் வந்ததும் நிறுத்தி, ஒரு வரியின்மேல் விரலை வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக அவர் ஏழாம் பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரிந்துவிட்டது.

“பாத்தீங்களா?” என்று மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “நேத்து நீங்க சொல்லிக்குடுத்த ரெண்டும் வந்துச்சு. மூணாவதுக்கு மறுபடியும் தள்ள ஆரம்பிச்சாச்சு. வீட்டுக்காரர் பேர டைப் பண்ணக்கூடவா வராது?”

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவர் வீட்டம்மாவும் அவரை ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுவார். கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் அவருக்கும் பிடிபட்டிருக்கும். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று. சொன்னால் மேனேஜர் சிரிப்பார், மதியத்துக்குள் அது கேன்டீனுக்குப் போகும், அங்கிருந்து உலைக்களத்துக்குப் போகும். நான் வாயை மூடிக்கொண்டேன். கீபோர்டைப் பிடுங்கி நானே எழுதிவிடலாமா என்று கை துடித்தது. என் கணவர் பெயரை நூறு தடவை வேண்டுமானாலும் எழுதிக்கொடுக்கிறேன், இவரை விடுங்கள் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை.

அக்கா பெட்டிக்குள் கர்சரை வைத்தார். ஒரே விரலால் முதல் எழுத்தைத் தட்டினார். இரண்டாவது. மூன்றாவது. மற்ற பெயர்களைத் தட்டும்போது அவர் திரையைப் பார்த்தார். இதைத் தட்டும்போது கீபோர்டை மட்டும் பார்த்தார். முழுப்பெயரும் எழுதின பிறகுதான் கையை எடுத்தார். ஒரே ஒரு வரி வந்தது. பச்சையில் ‘இன்’.

“இவ்ளோதானே! இதுக்கா இவ்ளோ யோசன?” என்று மேனேஜர் சந்தோஷமாகவே சொன்னார். “சரி, நீயே உக்காரும்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செக்யூரிட்டி அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பேரச் சொன்னா அவுருக்கு ஆயுசு கொறையும்னு எங்க ஊட்ல சொல்லுவாங்க மேடம். ரேஷன் கடையில கூட எம் பொண்ணுதான் எழுதும். சொல்றதும் எழுதுறதும் ஒண்ணுதான மேடம்?”

இல்லை என்று சொல்லவேண்டும். படித்தவள், புரோகிராம் எழுதுகிறவள், என் வாயில் அது வரவில்லை. “அப்போ தினமும் ஏழாம் பக்கத்துல...” என்று இழுத்தேன்.

“காத்தால இருட்டுல சைக்கிள எடுத்துக்கினு ஹைவேல வர்றாரு மேடம். லாரிக்காரன் எவன் பாக்குறான்? நான் பின்னாடி ரயில்ல வர்றேன். வந்து குந்துனதும் பச்சையப் பாத்தா, ரோடத் தாண்டி வந்துட்டாருன்னு மனசு நிம்மதியா கெடக்கும். அப்பறம் உள்ள போனா நெருப்பாண்ட வேல. முன்ன ஒரு தடவ கை வெந்துகினு வந்தாரு. அதான் அப்பப்ப பாத்துக்குவேன். ஏழாம் பக்கத்துல கீழருந்து நாலாவது ஆளு.”

நாற்காலி போயிருந்தால் இந்தப் பச்சையும் போயிருக்கும். துடைப்பத்தோடு சுற்றினால் அவரால் எதைப் பார்க்க முடியும்? இதைப் புரிந்துகொண்டு நான் என் அறைக்குத் திரும்பினேன். ஆனால் உட்கார முடியவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அந்த ஷிஃப்ட் முடியும். அதுவரைக்கும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏழாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்த்தேன். உலைக்களத்தில் ஏதோ பலமாக டணாரென்று விழுந்தது. தினமும் விழுகிற சத்தம்தான், அன்றைக்கு எழுந்து நின்றுவிட்டேன். இதையெல்லாம் நம்பாதவள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நம்பாதவள் எதற்கு எழுந்து நிற்கிறாள்?

சைரன் ஊதியது. பச்சையெல்லாம் சிவப்பாக மாற ஆரம்பித்தது. அந்த ஷிஃப்ட் ஆட்கள் ஒவ்வொருவராக ‘அவுட்’ ஆனார்கள். கீழிருந்து நாலாவது ஆள் மட்டும் பச்சையிலேயே நின்றார். புதுப்பித்தேன், பச்சை. மறுபடியும் பச்சை. தாங்க முடியாமல் கேட்டுக்கு ஓடினேன். அக்கா நாற்காலியில் இல்லை. அறைக்கு வெளியே, வெயிலில், இரண்டு கையாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

எல்லோரும் போய்விட்ட பிறகு ஒல்லியாக ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையெல்லாம் செயின் கிரீஸ். கார்டைத் தேய்த்தார். அக்காவைப் பார்த்து, “இன்னா?” என்பதுபோல முகவாயைத் தூக்கினார்.

“இன்னாய்யா இவ்ளோ நேரம்?”

“செயினு கயண்டுக்கிச்சு.”

“சரி. ஓரமாவே போ.”

அவர் போனார். நீ, வா, போ எல்லாம் தாராளமாக இருக்கிறது, பெயர் மட்டும்தான் இல்லை. அக்கா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். எனக்கும் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வாசலில் நின்று என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போனேன், நாக்கு ஒரு நொடி தடுக்கியது. பிறகு கூப்பிட்டேன். அவர் வழக்கம்போல டிவியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஞாயிறு முழுக்க யோசித்து, டோக்கன் நம்பரிலும் தேடுகிற மாதிரி படிவத்தை மாற்றித் தருவது என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை நான் பையைக்கூட வைக்கவில்லை, கேட்டிலிருந்து போன் வந்துவிட்டது. “மேடம், கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்.” மறுபடியும் பிழையா என்று பையோடேயே ஓடினேன்.

அக்கா கதவைச் சாத்திவிட்டுக் காட்டினார். தேடல் பெட்டியில் ஒரே ஒரு எழுத்தைத் தட்டினார். சனிக்கிழமை எழுதின அந்தப் பெயர் முழுசாகப் பெட்டிக்குக் கீழே வந்து நின்றது. ஒரு தடவை எழுதினதை பிரவுசர் ஞாபகம் வைத்துக்கொண்டு மறுபடியும் எடுத்துக் கொடுக்குமே, அதுதான்.

“அய்யோ, இருங்கக்கா, இத அழிச்சிடலாம்” என்று மவுஸை எடுக்கப் போனேன். “டோக்கன் நம்பர் போட்டுத் தேடுற மாதிரியும் பண்ணித் தந்துடுறேன்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வாணாம் மேடம். இருக்கட்டும்” என்றார். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. “நான் எங்க எழுதுனேன்? ஒரு எழுத்துதான். மீதியெல்லாம் அதுவா சொல்லுது. அது இன்னா, அவுரு பொண்டாட்டியா?”

அந்த வரியை அழுத்தினார். ‘இன்’ என்று பச்சையில் வந்தது. நான் சிரித்த சிரிப்பில் செக்யூரிட்டி அண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அதன்பிறகு லாகில் பக்கம் 7 வரவே இல்லை. தினமும் காலையில் கேட்டிலிருந்து வருகிற முதல் தேடல் அந்தப் பெயராகத்தான் இருக்கும். அது வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு நான் என் வேலையைத் தொடங்குவேன். எனக்கும் அது பழக்கமாகிவிட்டது.

சில மாதம் கழித்து, மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் கேட் கம்ப்யூட்டர் புகைந்து போனது. புதிதாக ஒன்று வந்து, நான்தான் எல்லாவற்றையும் ஏற்றினேன். மறுநாள் காலையில் பஸ் சீக்கிரமே வந்து சேர்ந்தது. அக்காவின் ரயில் இன்னும் வரவில்லை. கேட் அறையில் யாரும் இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தேன். புது மெஷினுக்கு எதுவும் ஞாபகம் இல்லை, பெட்டி காலியாக இருந்தது. எனக்கு இப்போது அந்தப் பெயர் மனப்பாடம். இங்கே எழுதமாட்டேன். அங்கே, ஒரு தடவை, எழுத்து எழுத்தாக நானே அதை எழுதித் தேடினேன். உள்ளே வந்துவிட்டிருந்தார். பக்கத்தை மூடிவிட்டு எழுந்து நின்றேன்.

அக்கா வேர்த்து விறுவிறுத்து வந்தார். “இன்னா மேடம் இங்க?” என்று கேட்டுக்கொண்டே முந்தானையைச் செருகி உட்கார்ந்தார். பக்கத்தைத் திறந்து ஒரு எழுத்தைத் தட்டினார். மீதியை அதுவே சொன்னது.